டெக்சாஸில் படிக்கப் போகிறவர்களுக்கு: கார் ஓட்டுவதும் கேம்பஸ் பாதுகாப்பும்

கேள்வி: ஆகஸ்டில் டெக்சாஸில் எம்.எஸ். சேரப் போகிறேன், எஃப்-1 விசா. தமிழ்நாட்டில் எடுத்த லைசென்ஸ் இருக்கிறது. அதை வைத்து அங்கே கார் ஓட்டலாமா? இன்சூரன்ஸ், போலீஸ், விதிகள் எல்லாம் எப்படி? துப்பாக்கிச் செய்திகளைப் பார்த்து வீட்டில் பயப்படுகிறார்கள். கேம்பஸ் பாதுகாப்பானதா?

ஓட்டலாம். டெக்சாஸில் குடியேறிய நாளிலிருந்து 90 நாள் வரை, காலாவதியாகாத வெளிநாட்டு லைசென்ஸை வைத்து ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் முதல் ஒரு மாதம் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். வீட்டில் துப்பாக்கியை நினைத்துப் பயப்படுகிறார்கள். அது நியாயமான பயம், அதைப் பற்றியும் பின்னால் எழுதியிருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு மாணவர் தினமும் சந்திக்கிற ஆபத்து சாலையில்தான் இருக்கிறது. சாலையில் செய்கிற சில தப்புகள் அபராதம் கட்டியதோடு முடிவதில்லை, விசா வரைக்கும் போகின்றன. அதனால் லைசென்ஸ், இன்சூரன்ஸ், போலீஸ் கொடுக்கும் டிக்கெட் ஆகிய மூன்றையும் பாஸ்போர்ட்டுக்குச் சமமான காகிதங்களாகவே கையாளுங்கள்.

கிளம்புவதற்கு முன்

உங்கள் லைசென்ஸில் எந்த வகை வண்டி என்று பாருங்கள். 'எல்.எம்.வி.' என்று இருந்தால்தான் கார். கியர் பைக் மட்டும் இருக்கிற லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே கார் ஓட்டினால், லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் ஆகும். காலாவதித் தேதியையும் பாருங்கள். படிப்பின் நடுவில் முடிகிற மாதிரி இருந்தால் கிளம்பும் முன்பே புதுப்பிக்க முடியுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பரிவாகன் தளத்தில் படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா நகல்கள், கட்டணம் 1,000 ரூபாய். ஓராண்டு செல்லும். அது தனி லைசென்ஸ் அல்ல. உங்கள் இந்திய லைசென்ஸில் இருப்பதைப் பிற மொழிகளில் எடுத்துச் சொல்லும் ஆவணம், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நம் அட்டையில் ஆங்கிலம் இருப்பதால் டெக்சாஸ் போலீசுக்கு அட்டை மட்டுமே பெரும்பாலும் போதும். ஆனால் வாடகைக் கார் கவுன்ட்டரிலும் வேறு மாநிலங்களிலும் இந்த அனுமதியைக் கேட்பார்கள். அசல் அட்டையைக் கொண்டுபோங்கள். போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டினால் அங்கே எந்தப் போலீசும் ஏற்க மாட்டார்.

டெக்சாஸ் லைசென்ஸ் எடுப்பது

கனடா, ஜெர்மனி, பிரான்ஸ், தென் கொரியா போன்ற சில நாட்டு லைசென்ஸைக் கொடுத்து டெக்சாஸ் லைசென்ஸை நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்த ஏற்பாடு இல்லை. எழுத்துத் தேர்வு, ஓட்டிக்காட்டும் தேர்வு இரண்டையும் எழுத வேண்டும்.

லைசென்ஸ் தரும் அலுவலகத்தை எல்லோரும் டி.பி.எஸ். என்பார்கள். 18 முதல் 24 வயதுக்குள் இருந்தால் 6 மணி நேர வயதுவந்தோர் ஓட்டுநர் வகுப்பு கட்டாயம். ஆன்லைனிலேயே முடிக்கலாம், எழுத்துத் தேர்வையும் அதிலேயே பல பள்ளிகள் வைத்துவிடுகின்றன. 25 ஆனவர்களுக்கு வகுப்பு கட்டாயமில்லை, தேர்வு உண்டு. 30 கேள்விகள், 21 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு முன் 'இம்பாக்ட் டெக்சாஸ்' என்ற ஒரு மணி நேர இலவச வீடியோவைப் பார்த்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும் என்பதால் தேர்வுத் தேதி கையில் கிடைத்த பிறகு பாருங்கள்.

இங்கே பலர் சறுக்குவது அவசரத்தால்தான். வந்து இறங்கிய வாரமே டி.பி.எஸ். போய் நின்றால், அரசு கணினியில் உங்கள் விவரம் இன்னும் ஏறியிருக்காது. வந்த தேதியிலிருந்து குறைந்தது 10 நாளும், பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் சேவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் கணினிப் பதிவேடு) உங்களைப் பதிவுசெய்த பிறகு இரண்டு வேலை நாளும் பொறுத்துப் போகச் சொல்கிறது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. ஐ-94 என்ற வருகைப் பதிவில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் சரியா என்று வந்த அன்றே பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் சிக்கல் இங்கேதான் வரும். அப்பா பெயர் இனிஷியலாக இருப்பவர்களுக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கும் ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றுப் படிவம்), விசா, ஐ-94 மூன்றிலும் மூன்று விதமாகப் பெயர் பதிந்துவிடுவது உண்டு. டி.பி.எஸ். சரிபார்ப்பு நாட்கணக்கில் நின்றுபோக அதுவே காரணமாகும். முதலில் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லி அதைத் திருத்திவிட்டு, பிறகு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, ஐ-94 அச்சுப்பிரதி, ஐ-20, டெக்சாஸ் முகவரி இருக்கும் இரண்டு ஆவணங்கள். அந்த இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும்: வாடகை ஒப்பந்தம் ஒன்று, வங்கி ஸ்டேட்மென்ட் ஒன்று என்பது போல. டெக்சாஸில் 30 நாள் இருந்ததையும் காட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இல்லாமல் நண்பர் வீட்டில் தங்கியிருந்தால், அதற்கென்று ஒரு உறுதிமொழிப் படிவம் உண்டு. ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டால் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடலாம், லைசென்ஸ் கிடைக்கும். கட்டணம் 33 டாலர். உங்கள் அட்டையில் 'லிமிட்டெட் டேர்ம்' என்று அச்சாகும். படிப்புக் காலம் முடியும் தேதியோடு அதுவும் முடியும்.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரங்கள் ஆகலாம். 90 நாளில் பாதியை நழுவவிட்டுவிட்டுத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். காலையில் தளத்தைத் திறந்து பார்த்தால், யாரோ ரத்துசெய்த அன்றைய இடங்கள் தெரியும். ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு வண்டியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அதன் பதிவும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும், பிரேக் லைட்டும் இன்டிகேட்டரும் எரிய வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வண்டியில் ஏறாமலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்திக்காட்டுவது, நேர்கோட்டில் பின்னால் எடுப்பது, ஸ்டாப் போர்டில் முழுசாக நிற்பது ஆகியவற்றைக் கட்டாயம் பார்ப்பார்கள். லேன் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்த்தால் மதிப்பெண் போகும். தலையைத் தோளுக்கு மேல் திருப்பிப் பாருங்கள்.

வலப்பக்கச் சாலை

நடப்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் வாரம் நீங்கள் நடக்கத்தான் போகிறீர்கள். ஊரில் சாலையைக் கடக்க முதலில் வலப்பக்கம் பார்ப்போம். அங்கே உங்களை நெருங்கும் முதல் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். பழக்கம் மாற இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரை இடம், வலம், மறுபடி இடம் என்று பார்த்துவிட்டே காலை எடுத்து வையுங்கள், காதில் இயர்போன் வேண்டாம்.

ஓட்டும்போது டிரைவர் இருக்கை இடப்பக்கம். மஞ்சள் கோடு எதிரெதிர்த் திசைகளைப் பிரிக்கும், வெள்ளைக் கோடு ஒரே திசையில் போகிற லேன்களைப் பிரிக்கும். ஆகவே மஞ்சள் கோடு எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கமே இருக்க வேண்டும். இரவில் சாலையில் பதித்த பிரதிபலிப்பான்கள் சிவப்பாகத் தெரிந்தால் தப்பான திசையில் போகிறீர்கள் என்று பொருள். போக்குவரத்து நிறைந்த சாலையில் யாரும் தப்பான பக்கம் போய்விட மாட்டார்கள், முன்னால் போகிற வண்டியே வழிகாட்டிவிடும். விபரீதம் நடப்பது காலி சாலையில்: விடியற்காலை, பெட்ரோல் பங்கை விட்டு வெளியே வரும்போது, பார்க்கிங்கிலிருந்து சாலையில் ஏறும்போது. கை பழைய பழக்கத்தில் இடப்பக்க லேனுக்கு வண்டியைக் கொண்டுபோய்விடும். வலது திருப்பம் குறுகலாக, இடது திருப்பம் அகலமாக என்று முதல் சில வாரம் வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓட்டுங்கள்.

நம் ஊரில் இல்லாத விதிகள் சில, உயிரோடு தொடர்புடையவை.

ஸ்டாப் போர்டில் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும், கோட்டுக்கு முன்பே. வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டு போனால் டிக்கெட். நான்கு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கிற சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். ஒரே நேரத்தில் வந்தால் உங்கள் வலப்பக்கம் இருப்பவருக்கு வழி. யாருமில்லை என்று பார்த்த உடனே புகுந்துவிடுவது நம் பழக்கம். அங்கே ஸ்டாப் போர்டு இல்லாத குறுக்குச் சாலையில் வருபவர் நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பித்தான் வேகத்தைக் குறைக்காமல் வருகிறார்.

சிவப்பு சிக்னலில், 'திரும்பாதே' என்ற போர்டு இல்லாவிட்டால், முழுசாக நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். நியூயார்க் நகரில் இது நேர்மாறு: போர்டு அனுமதித்தால் மட்டுமே. இடப்பக்கம் திரும்பும்போது பச்சை அம்பு இருந்தால் உங்களுக்கு முழு வழி. வெறும் வட்டப் பச்சையோ மினுக்கும் மஞ்சள் அம்போ இருந்தால் எதிரே வருகிறவர்கள் போன பிறகே திரும்ப வேண்டும். வட்டப் பச்சையைப் பார்த்து 'நமக்கு வழி' என்று திரும்புவதால் நடக்கிற மோதல் மோசமானது. எதிரே வருகிற வண்டி நேராக முன்பக்கப் பயணி உட்கார்ந்திருக்கிற கதவில்தான் வந்து இடிக்கும்.

மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து நின்று சிவப்பு விளக்கு மினுக்கினால் இரு திசையிலும் எல்லா வண்டியும் நிற்க வேண்டும். நடுவே மீடியன் போலச் சாலையைப் பிரிக்கும் தடுப்பு இருந்தால் மட்டும் எதிர்த்திசைக்கு விலக்கு. நடுவில் மஞ்சள் கோடு மட்டும் இருந்தால் நிற்கத்தான் வேண்டும். முதல் தடவைக்கே அபராதம் 500 முதல் 1,250 டாலர். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி சைரனோடு வந்தால் வலது ஓரம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். ஓரத்தில் விளக்கு எரியப் போலீஸ் வண்டியோ இழுவை வண்டியோ நின்றால், அதற்கு அடுத்த லேனை விட்டு விலகுங்கள். விலக முடியாவிட்டால் வேக வரம்பிலிருந்து 20 மைல் குறைத்துப் போங்கள்.

போனில் டைப் செய்துகொண்டு ஓட்டுவது 2017 செப்டம்பர் முதல் டெக்சாஸ் முழுக்கக் குற்றம். பள்ளி மண்டலத்தில் போனைக் கையில் பிடிக்கவே கூடாது. ஆஸ்டின், சான் அன்டோனியோ நகரங்களில் எங்குமே கூடாது. பின்சீட்டில் உட்கார்ந்தாலும் சீட் பெல்ட் கட்டாயம். நம் பிள்ளைகள் பலர் விட்டுவிடுவது இதைத்தான். நீல நிறச் சக்கர நாற்காலிக் குறி போட்ட இடத்தில் ஐந்து நிமிஷம் நிறுத்தினாலும் 500 டாலருக்குக் குறையாது.

போலீஸ் நிறுத்தினால்

பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு மினுக்கினால் இன்டிகேட்டர் போட்டு வலது ஓரம் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேலே தெரியும்படி வைத்திருங்கள். இறங்காதீர்கள். ஊரில் மரியாதைக்காக இறங்கிப் போலீஸ்காரரிடம் நடந்து போவோம். அங்கே அதே செயல் மிரட்டலாகப் படும். லைசென்ஸ் பையிலோ டேஷ்போர்டிலோ இருந்தால், 'அங்கே இருக்கிறது, எடுக்கட்டுமா' என்று கேட்டுவிட்டுக் கையை நகர்த்துங்கள். கூட இருப்பவர்களும் அமைதியாக, கை தெரியும்படி உட்கார்ந்திருக்கட்டும். தமிழில் ஒருவருக்கொருவர் கிசுகிசுப்பதும், போனில் யாரையாவது கூப்பிட்டுப் பேசுவதும் வேண்டாம். பணம் எடுத்து நீட்டுவதை மறந்தும் செய்யாதீர்கள். அது லஞ்சக் குற்றம். அங்கேயே வாதாடவும் வேண்டாம், வாதாட நீதிமன்றம் இருக்கிறது.

டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது தப்பை ஒப்புக்கொண்டதாகாது, குறித்த தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்ற உறுதிமொழிதான். ஆனால் ஆன்லைனில் அபராதத்தைக் கட்டிவிட்டால் தண்டனை பெற்றதாகவே பதிவாகும். சிறிய வேக மீறலுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை 'டிஃபென்சிவ் டிரைவிங்' என்ற பாதுகாப்பாக ஓட்டும் வகுப்பு எடுத்து வழக்கையே தள்ளுபடி செய்துகொள்ளலாம். வரம்பை 25 மைலோ அதற்கு மேலோ தாண்டியிருந்தால் கிடைக்காது. டெக்சாஸ் லைசென்ஸ் இருந்தாக வேண்டும். 90 நாள் சலுகையில் இந்திய லைசென்ஸோடு ஓட்டுகிறவருக்கு இந்த வழி அடைபட்டிருக்கும். லைசென்ஸ் சீக்கிரம் எடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தேதியைத் தவறவிட்டால் வாரன்ட். அப்புறம் வேறு எதற்காவது நிறுத்தும்போது கைது. டெக்சாஸின் பல பெரிய பல்கலைக்கழகங்களில் மாணவர் சட்ட உதவி அலுவலகம் உண்டு; அதற்கான கட்டணம் உங்கள் செமஸ்டர் ஃபீஸிலேயே சேர்ந்திருக்கும். டிக்கெட் வந்த வாரமே அங்கே காட்டுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டுவது வேறு கணக்கு. இரத்தத்தில் 0.08 என்பது சட்ட வரம்பு. 21 வயதுக்குக் கீழே இருந்தால் துளி இருந்தாலும் குற்றம். முதல் தடவைக்கே 180 நாள் வரை சிறை. அதைவிடப் பெரிய விளைவு, தீர்ப்பு வருவதற்கு முன்பே, கைதை மட்டுமே காரணமாக வைத்து வெளியுறவுத் துறை உங்கள் விசாவை ரத்துசெய்ய முடியும். 2015 முதல் இது நடைமுறை. விசா ரத்தானால் உள்ளே இருந்து படிப்பைத் தொடர முடிந்தாலும், ஊருக்கு ஒரு முறை வந்துவிட்டால் திரும்பப் புதிய விசா வேண்டும். அந்த விண்ணப்பத்தில் 'எப்போதாவது கைதானதுண்டா' என்ற கேள்வி இருக்கும். 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் சேவிஸ் பதிவுகளை அரசு திடீரென்று முடித்தபோது, வெறும் போக்குவரத்து மீறல் மட்டுமே இருந்தவர்களும், வழக்குத் தள்ளுபடியானவர்களும் அதில் சிக்கினார்கள். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் இறுதியில் பதிவுகள் மீட்கப்பட்டன. அதற்குள் சிலர் நாட்டை விட்டே கிளம்பிவிட்டிருந்தார்கள். கைது என்று ஏதாவது நடந்தால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் குடியேற்ற வழக்கறிஞருக்கும் அன்றே சொல்லுங்கள். தானாக நாட்டை விட்டுக் கிளம்பும் முடிவை யாரையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

நான்கு ரூம்மேட்டுக்கு ஒரு கார்

தமிழ் மாணவர்கள் வீட்டில் வழக்கமாக நடப்பது இது: நான்கு பேர் பணம் போட்டு ஒரு பழைய கார் வாங்குவார்கள், ஒருவர் பெயரில் பதிவு, ஒருவர் பெயரில் இன்சூரன்ஸ், ஓட்டுவது நான்கு பேரும். மோதல் நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. நடந்த பிறகு, ஒரே முகவரியில் வசித்து வழக்கமாக ஓட்டுகிற ஒருவர் பாலிசியில் இல்லை என்று சொல்லி நிறுவனம் பணம் தர மறுக்கும்.  மாதம் சில டாலர் கூடினாலும் ஓட்டுகிற ஒவ்வொருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். சேர்க்காதவர் சாவியைத் தொடக் கூடாது.

டெக்சாஸில் கட்டாயமான குறைந்தபட்ச இன்சூரன்ஸை 30/60/25 என்பார்கள். நீங்கள் இடித்ததில் காயப்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பிறர் சொத்துக்கு 25,000 வரை நிறுவனம் தரும். இதில் உங்கள் காருக்கோ உங்கள் உடம்புக்கோ எதுவும் இல்லை. புதிய கார் ஒன்றை இடித்தாலே 25,000 போதாமல் போகலாம். மிச்சம் உங்கள் தலையில் விழும். முடிந்தால் 50/100/50 எடுங்கள். பாலிசி வாங்கும்போது, தனிநபர் காயப் பாதுகாப்பு 2,500 டாலரையும், இன்சூரன்ஸ் இல்லாதவர் உங்களை இடித்தால் கிடைக்கிற பாதுகாப்பையும் நிறுவனம் தந்தாக வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் எழுத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டுமே நீக்க முடியும். ஆன்லைனில் விலை குறையட்டும் என்று டிக் அடித்துக்கொண்டே போகும்போது இந்த இரண்டையும் நீக்கிவிடுவார்கள். நீக்காதீர்கள்.

தனியாரிடம் பழைய கார் வாங்கினால் டைட்டில் என்ற உரிமைக் காகிதத்தில் 'சால்வேஜ்' அல்லது 'ரீபில்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். அது ஒரு முறை நொறுங்கி எழுந்த வண்டி. பணம் கொடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவரையும் கூட்டிக்கொண்டு கவுன்ட்டி வரி அலுவலகத்துக்குப் போய் அங்கேயே பெயர் மாற்றுவது பாதுகாப்பு. 30 நாளுக்குள் மாற்ற வேண்டும், விற்பனை வரி 6.25 சதவீதம். 2025 ஜனவரி முதல் சாதாரணக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கிடையாது, ஆனால் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பகுதிக் கவுன்ட்டிகளில் புகைச் சோதனை தொடர்கிறது. சோதனை இல்லை என்பதாலேயே டயரையும் பிரேக்கையும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கார் கைக்கு வந்ததும் உணவு டெலிவரி, டாக்ஸி ஆப் வேலை என்று ஆசை காட்டுவார்கள், இன்னொருவர் கணக்கை வாடகைக்கும் தருவார்கள். எஃப்-1 விசாவில் அது அனுமதியில்லாத வேலை. பிடிபட்டால் மாணவர் அந்தஸ்தே போகும். டெலிவரியின்போது மோதினால் சாதாரண பாலிசியும் பணம் தராது.

விபத்து நடந்தால் நிற்காமல் போவது தனிக் குற்றம், காயம் இருந்தால் கடுமையான குற்றம். யாருக்கும் காயமில்லை, வண்டி நகருமென்றால் ஓரத்துக்கு எடுங்கள். 911 அழையுங்கள். எதிர்த்தரப்பின் லைசென்ஸ், இன்சூரன்ஸ் அட்டை, நம்பர் பிளேட், நான்கு பக்கச் சேதம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். 'போலீஸ் வேண்டாம், 300 டாலர் தருகிறேன்' என்பவரிடம் சம்மதிக்காதீர்கள். மறுநாள் அவரே கழுத்து வலி என்று உங்கள் மேல் வழக்குப் போடலாம். 'என் தப்புதான்' என்று அங்கே சொல்லாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

நீண்ட வார இறுதிப் பயணங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெள்ளி மாலை வகுப்பு முடிந்து கிளம்பி, இரவெல்லாம் ஓட்டி, விடியலில் போய்ச் சேரும் திட்டத்தைப் போடாதீர்கள். மணிக்கு 70 மைல் என்பது சுமார் 113 கிலோமீட்டர். ஒரு நொடியில் 31 மீட்டர் போய்விடுவீர்கள். நான்கு நொடி கண் அயர்ந்தால் நூறு மீட்டருக்கு மேல் யாரும் ஓட்டாத வண்டி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், இரண்டு லைசென்ஸ்காரர்கள், ஓட்டுபவரின் பக்கத்தில் எப்போதும் விழித்திருக்கிற ஒருவர்: இந்த மூன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள். மழையில் சாலையில் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடுகிற தண்ணீர் ஓரடி ஆழம் இருந்தாலே பல கார்கள் மிதக்கும், இரண்டடி பெரும்பாலானவற்றை இழுத்துக்கொண்டு போய்விடும். குளிர்காலத்தில் பனிக்கட்டி முதலில் படிவது பாலங்களின் மேல்.

கேம்பஸும் வீடும்

'ஜீன் கிளெரி' சட்டம் என்று 1990 முதல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மூன்று ஆண்டுக் குற்றக் கணக்கை அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும், கேம்பஸ் போலீஸ் தினசரிக் குற்றப் பதிவேட்டையும் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். சேரும் முன்பே அந்த அறிக்கையைப் பல்கலைக்கழகத் தளத்தில் பெற்றோரோடு உட்கார்ந்து படியுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கேம்பஸிலும் அதை ஒட்டிய பொது இடங்களிலும் நடந்ததுதான் அதில் இருக்கும். நீங்கள் தங்கப்போகும் அப்பார்ட்மென்ட் மூன்று மைல் தள்ளி இருந்தால், அந்தப் பகுதி நகரப் போலீஸின் குற்ற வரைபடத்தில்தான் தெரியும்.

டெக்சாஸில் கேம்பஸ் போலீஸ் முழு அதிகாரமுள்ள போலீஸ். வாட்ச்மேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் எண்ணை வந்த அன்றே போனில் பதியுங்கள். செல்போனிலிருந்து 911 அடித்தால் சில இடங்களில் நகரப் போலீசுக்குப் போய், அங்கிருந்து கேம்பஸுக்கு மாற்றுவார்கள். 911-இல் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், பிறகு நடந்ததை. லைன் துண்டித்தாலும் ஆள் வர அதுதான் உதவும். தெரியாமல் அழைத்துவிட்டால் வைத்துவிடாதீர்கள், 'தவறுதலாக அழைத்தேன்' என்று சொல்லுங்கள். இரவில் நூலகத்திலிருந்து வீட்டுக்குத் துணையாக வர அல்லது வண்டியில் விடப் பல பல்கலைக்கழகங்களில் இலவச ஏற்பாடு உண்டு. கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். அவசர எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்கு உங்கள் புதிய அமெரிக்க எண்ணைப் பதிந்துவிட்டீர்களா பாருங்கள். பலர் விண்ணப்பத்தில் கொடுத்த இந்திய எண்ணே கணினியில் கிடக்கும்.

துப்பாக்கி. 2016 ஆகஸ்ட் 1 முதல் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில், உரிமம் பெற்றவர்கள் வெளியே தெரியாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். வெளியே தெரியும்படி எடுத்துவரக் கூடாது. ஆகவே சீருடை இல்லாத ஒருவர் கையில் துப்பாக்கி தெரிந்தால் தயங்காமல் விலகிப்போய் 911 அழையுங்கள். துப்பாக்கிச் சூடு நடந்தால் சொல்லித்தரும் வரிசை: ஓடு, முடியாவிட்டால் ஒளிந்துகொள், வேறு வழியே இல்லாவிட்டால் எதிர்த்துப் போராடு. ஒளிந்தால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, போனின் அதிர்வையும் நிறுத்துங்கள். போலீஸ் வரும்போது கை காலியாக, விரித்துத் தெரியட்டும். சாலையில் ஒருவர் திட்டினால், விரல் காட்டினால், கண்டுகொள்ளாமல் போய்விடுங்கள். அவர் காரிலும் துப்பாக்கி இருக்கலாம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற குறுகிய விலக்குகள்தான் உண்டு. நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதும் அந்தக் குற்றத்துக்குள் வந்துவிடும்.

வாடகை வீட்டில் டெக்சாஸ் சட்டம் உங்களுக்குச் சில உரிமைகள் தருகிறது. முந்தைய குடித்தனக்காரரின் சாவி வேலை செய்யாதபடி 7 நாளுக்குள் பூட்டை வீட்டுக்காரர் மாற்ற வேண்டும். வாசல் கதவில் வெளியே பார்க்கும் துளையும், உள்ளிருந்து மட்டும் போடும் தாழ்ப்பாளும், ஜன்னல்களில் கொக்கியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். புகை அலாரம் நாம் தாளிக்கும்போது கத்தும். அதற்காக பேட்டரியைக் கழற்றாதீர்கள், அது சட்டமீறல். அடுப்பின் மேல் உள்ள விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிட்டுக் கடுகைப் போடுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடி போடுங்கள், தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்கு எழும். ரூம்மேட்டோடு கைகலப்பு ஆனால், ஒரே வீட்டில் வசிப்பதால் டெக்சாஸில் அது குடும்ப வன்முறை வழக்காகவே பதிவாகலாம். அந்தப் பெயரோடு ஒரு கைது குடியேற்றக் காகிதங்களில் மிகவும் கனமானது. கடையில் சுயமாக ஸ்கேன் செய்யும் இடத்தில் ஒரு பொருளை விட்டுவிடுவதும் அப்படித்தான், திருட்டு வழக்கு. வீடு மாறினால் 10 நாளுக்குள் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திலும், 30 நாளுக்குள் டி.பி.எஸ்.-இலும் முகவரியை மாற்றுங்கள். டோல் பில்லும் நீதிமன்ற நோட்டீசும் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தால் வாரன்ட் வரும்வரை தெரியாது.

புதிதாக வந்தவர்களைக் குறிவைத்து வரும் அழைப்புகளும் உண்டு. 'குடியேற்றத் துறை பேசுகிறோம், உங்கள் ஐ-20-இல் பிழை, இன்றே கட்டாவிட்டால் கைது' என்பார்கள். உங்கள் பெயர், பல்கலைக்கழகம், சில நேரம் பாஸ்போர்ட் எண்ணே சொல்வார்கள். போனில் தெரியும் எண்ணும் உண்மையான போலீஸ் எண்ணாகவே இருக்கும். அதைப் போலியாகக் காட்ட முடியும். எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டிலோ கிரிப்டோவிலோ 'ஸெல்' என்ற பணம் அனுப்பும் ஆப்பிலோ அபராதம் வாங்காது, யாரிடமும் சொல்லாதே என்று கட்டளையும் இடாது. போனை வைத்துவிட்டு, கேம்பஸ் போலீஸ் எண்ணைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து எடுத்து நீங்களே அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு, இரண்டாவது கேம்பஸ் போலீசுக்கு. வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளினால் அந்தப் பரிமாற்றத்தை நிறுத்துவது கிட்டத்தட்ட முடியாமல் போகும்.